வலைப்பூ கைமாறும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுதி வந்த வலைப்பூவை இன்னொருவருக்கு விற்க முடியுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், ஆனால் அதற்குச் சில மாத ஆயத்தம் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஆயத்தம் என்ன என்று கேட்டும், விற்பனையின் பல கட்டங்களைப் பற்றி விசாரித்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளாகப் புகைப்படக்கலை பற்றி எழுதி வருகிறேன். சொந்த டொமைன் (தளத்தின் இணைய முகவரி) இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளில் ஏறத்தாழ 400 பதிவுகள் உள்ளன. இனித் தொடர நேரமில்லை என்பதால் விற்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

விளம்பரம் எழுதுவதில் தொடங்காதீர்கள். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, வலைப்பூவுக்குச் சொந்தமானவற்றை ஒரு பக்கமும் உங்களுக்குச் சொந்தமானவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். ஒன்பது ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். விற்ற பிறகு எழும் தகராறுகளில் பெரும்பாலானவை விலையால் வருவதில்லை, இந்தப் பின்னலால்தான் வருகின்றன என்பது என் அனுபவம்.

மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறு வலைப்பூவை விற்றேன். மூன்று வாரம் கழித்து, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு சேவையில் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, புதியது கேட்டுப் பொத்தானை அழுத்தினேன். மடல் வரவில்லை. எப்படி வரும்? அந்தச் சேவையில் நான் கொடுத்திருந்தது, விற்றுவிட்ட டொமைனின் பெயரில் இருந்த முகவரி. அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் படிக்கும் உரிமை இப்போது வாங்கியவரிடம் இருந்தது. அவர் நல்ல மனிதர் என்பதால் மடலை எனக்குத் திருப்பி அனுப்பினார். இல்லையென்றால் என் கணக்கை அவரே திறந்திருக்கலாம். ஆகவே டொமைன் பெயரில் உள்ள முகவரியைக் கொண்டு வங்கி, சமூக ஊடகம், கடை, அரசு இணையதளம் என எங்கெல்லாம் பதிந்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் முதலில் முகவரியை மாற்றுங்கள். இதற்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மடல் அனுப்பும் சேவைகள்தாம் கடைசி வரை நினைவுக்கு வராமல் இருக்கும்.

அடுத்தது, பதிவுகளுக்குள் இருக்கும் நீங்கள். "போன வாரம் என் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் எடுத்த படம் இது" என்று எழுதியிருப்பீர்கள். நாளை அந்த வரி வேறொருவரின் தளத்தில் நிற்கும். 400 பதிவுகளையும் திருத்தத் தேவையில்லை. குடும்பம், வீடு, பணியிடம் பற்றிய குறிப்புகள் உள்ளவற்றை மட்டும் தேடி எடுத்து நீக்குங்கள். உங்களுடையது புகைப்பட வலைப்பூ என்பதால் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசியிலோ ஜிபிஎஸ் வசதியுள்ள கேமராவிலோ எடுத்த படத்தின் கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். ஜன்னலோரத்தில் வைத்து எடுத்த ஒரு பூச்சாடிப் படம் உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிவிடும். மூலக் கோப்புகளை ஒப்படைக்கும் முன் அந்தத் தகவலை அழித்துவிடுங்கள்.

காப்பு நகல் எடுக்கும்போது, வேர்ட்பிரஸின் ஏற்றுமதி வசதி தரும் எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். அதில் பதிவுகளின் எழுத்தும் மறுமொழிகளும் இருக்கும். படங்கள் இருக்கும் இடத்தின் முகவரி இருக்குமே தவிர, படங்கள் இருக்காது. தரவுத்தளத்தின் நகல் ஒன்று, படங்களும் தீம்களும் (தளத்தின் தோற்ற வார்ப்புகள்) பிளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) அடங்கிய கோப்புறையின் நகல் ஒன்று என இரண்டும் வேண்டும். அவற்றை வேறொரு இடத்தில் ஏற்றித் தளம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அது காப்பு நகல் என்ற பெயருக்குத் தகுதி பெறும். காசு கொடுத்து வாங்கிய தீமும் பிளக்இன்களும் உங்கள் பெயரில் உரிமம் பெற்றவையாக இருக்கும். எவற்றை மாற்றித் தரலாம், எவற்றை வாங்குபவர் புதிதாக வாங்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் குறித்து வையுங்கள்.

என் வலைப்பூவுக்கு விளம்பரங்களால் ஓரளவு வருமானம் உண்டு. ஒருவர் பத்து மாத வருமானத்தை விலையாகத் தருவதாகச் சொல்கிறார். இது நியாயமா, அடிமாட்டு விலையா?

வருமானத்தை வைத்து விலை பேசுவது சரியான வழிதான். ஆனால் மொத்த வருமானத்தைப் பார்க்கக் கூடாது, நிகர லாபத்தைப் பார்க்க வேண்டும். ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வரின் வாடகை), டொமைன், மென்பொருள் உரிமங்கள், பிறருக்குக் கொடுத்த ஊதியம் ஆகியவற்றைக் கழித்து, கடந்த 12 மாதங்களின் சராசரி மாத லாபத்தைக் கண்டுபிடித்து, அதை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். சீரான வருகையுள்ள உள்ளடக்கத் தளங்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையில் பேசப்படுகிறது. மாதம் 100 கிடைக்கிறது, செலவு 20 என்றால் நிகரம் 80. பத்து மாதக் கணக்கில் 800 வரும். முப்பது மாதக் கணக்கில் 2,400 வரும். உங்களுக்கு வந்திருப்பது குறைந்த விலை என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அவர் ஏன் பத்தோடு நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். காரணம் உங்கள் தளத்திலேயே இருக்கலாம். வருகையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பதிவுக்கு வருகிறதா? அந்தப் பதிவு தேடுபொறியில் இறங்கினால் தொழிலே இறங்கிவிடும் என்று வாங்குபவர் கணக்குப் போடுவார். கடந்த ஆறு மாதமாக வரைபடம் சரிந்து வருகிறதா? அப்படியானால் ஆண்டுச் சராசரி உங்களுக்குச் சாதகமாகவும் உண்மைக்குப் பாதகமாகவும் இருக்கும். அவர் கடைசி மூன்று மாதத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்து இந்த லாபத்தை ஈட்டுகிறீர்கள் என்றால், அந்த உழைப்புக்கு அவர் ஆள் வைக்க வேண்டும். அந்தச் செலவு உங்கள் கணக்கில் இல்லை. வாசகர்கள் உங்கள் முகத்துக்காகவும் குரலுக்காகவும் வருகிறார்கள் என்றால் நிலைமை இன்னும் கடினம். சொந்தப் பெயரையே டொமைனாக வைத்திருப்பவர்கள் நல்ல லாபம் காட்டியும் வாங்க ஆள் கிடைக்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

விலையை உயர்த்த வேண்டுமானால் வரவு செலவை மாதவாரியாக, ஒவ்வொரு தொகைக்கும் சான்றுடன் எழுதி வையுங்கள். வாய்க்கணக்குச் சொல்பவருக்கும் 12 மாத ஏட்டை நீட்டுபவருக்கும் ஒரே விலையை யாரும் தரமாட்டார்கள்.

வாங்குபவர் வலைப்பூவோடு ஆட்சென்ஸ் (கூகுளின் விளம்பரச் சேவை) கணக்கையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறார். தரலாமா?

கூடாது. ஆட்சென்ஸ் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற கூகுள் அனுமதிப்பதில்லை. வாங்குபவர் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, தளத்துக்கு ஒப்புதல் பெற்று, உங்கள் விளம்பரக் குறிகளை எடுத்துவிட்டுத் தமது குறிகளை வைக்க வேண்டும். தளத்தின் வேர்க் கோப்புறையில் உள்ள ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பிலும் உங்கள் பதிப்பாளர் எண்ணுக்குப் பதிலாக அவருடைய எண் வர வேண்டும். இதை மறந்தால் விளம்பரங்கள் வராமல் போகலாம், வந்தாலும் வருமானம் குறையலாம். அமேசான் போன்றவற்றின் துணைவிற்பனை இணைப்புகளுக்கும் (வாசகர் அதன் வழியே வாங்கினால் உங்களுக்குக் கழிவு தருபவை) இது பொருந்தும்: ஒவ்வோர் இணைப்பின் வாலிலும் உங்கள் அடையாளக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றை மாற்றுவது யார் வேலை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கரில் எழுதுபவர்கள் சிலர் தங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லையே கொடுத்து விற்பனையை முடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மடல்களும் படங்களும் தொடர்பு எண்களும் இருக்கின்றன. அதற்குத் தேவையே இல்லை. வாங்குபவரை எழுத்தாளராக அழைத்து, அவர் ஏற்ற பிறகு நிர்வாகியாக உயர்த்தி, பணம் கைக்கு வந்ததும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

என் தளத்தில் நண்பர்கள் எழுதிய முப்பது விருந்தினர் பதிவுகள் உள்ளன. இணையத்தில் எடுத்த படங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்து விற்கலாமா?

நண்பர் எழுதியதை வெளியிட உங்களுக்கு அனுமதி கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராத வரை பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். எனவே முப்பது பேருக்கும், தளம் கைமாறுகிறது, பதிவு அங்கேயே தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்று ஒரு மடல் எழுதுங்கள். பதில் வராதவர்களின் பதிவுகளைப் பட்டியலாக வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அவற்றை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று அவர் தெரிந்தே முடிவெடுக்கட்டும். இணையத்தில் எடுத்த படங்களை இன்றே நீக்குங்கள். அவற்றுக்கான இழப்பீட்டுக் கேள்வி விற்ற பிறகும் உங்களைத் தேடி வரும்.

உங்கள் சொந்த எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பொருளாதார உரிமைகளை விற்ற பிறகும், அந்தப் படைப்பை எழுதியவர் தாமே என்று உரைக்கும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு என்பது பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட விதி. நடைமுறையில் இது வந்து நிற்பது வேர்ட்பிரஸின் ஒரு சிறிய திரையில்தான். பழைய உரிமையாளரின் பயனர் கணக்கை நீக்கும்போது, இவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று அது கேட்கும். எல்லாவற்றையும் நீக்கு என்பது ஒரு தேர்வு. வேறொருவர் பெயருக்கு மாற்று என்பது மற்றொன்று. முதலாவதை அழுத்தினால் ஒன்பது ஆண்டு எழுத்து தளத்திலிருந்து மறைந்துவிடும். இரண்டாவதை அழுத்தினால் அத்தனையும் புதியவர் எழுதியதாகக் காட்சி தரும். உங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்றால், கணக்கை நீக்காமல் அதன் அதிகாரத்தைக் குறைத்து, மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மாற்றி, பெயரை மட்டும் விட்டுவைக்கும்படி கேளுங்கள். பெயரே வேண்டாம் என்பவர்கள் அதையும் எழுதிக் கையெழுத்திடலாம்.

மடல் வழியே பதிவுகளைப் பெறும் 3,000 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குத் தனி விலை உண்டா?

உண்டு, பல வாங்குபவர்கள் பதிவுகளைவிட அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அந்த 3,000 பேரும் முகவரியைத் தந்தது உங்களிடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்பு விதி போன்ற சட்டங்கள், ஒருவருடைய தகவலை எந்தச் சட்ட அடிப்படையில் கையாளுகிறீர்கள், யாரிடம் தருகிறீர்கள் என்பதை அவருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. உங்கள் சந்தாதாரர்களில் சிலர் அங்கே வசிக்கலாம். சட்டத்தை விட்டாலும், அறிமுகமில்லாத பெயரில் மடல் வந்தால் மக்கள் அதைக் குப்பை மடல் என்று குறிப்பார்கள். அப்படிக் குறிப்பவர்கள் பெருகப் பெருக மற்றவர்களுக்கும் மடல் போய்ச் சேராது. ஆகவே ஒப்படைக்கும் முன் நீங்களே ஒரு மடல் அனுப்பி, இன்ன தேதி முதல் தளம் புதியவரிடம் போகிறது, விருப்பமில்லாதவர்கள் இங்கே விலகலாம் என்று சொல்லுங்கள். 3,000 என்பது 2,400 ஆகலாம். அந்த 2,400தான் விற்கத் தகுந்த எண்.

மறுமொழி எழுதியவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு மறுமொழியுடனும் எழுதியவரின் மின்னஞ்சலையும் ஐபி முகவரியையும் (அவரது இணைய இணைப்பைக் காட்டும் எண்) தரவுத்தளத்தில் சேமிக்கிறது. பக்கத்தில் தெரியாது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. அவற்றை நீக்கிவிட்டுத் தரவுத்தளத்தைக் கொடுப்பதே முறை.

முதலில் பணமா, முதலில் டொமைனா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

இரண்டும் இல்லை, நடுவில் மூன்றாமவர் ஒருவர் வேண்டும். எஸ்க்ரோ என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. வாங்குபவர் பணத்தை நடுநிலை நிறுவனத்திடம் செலுத்துவார். அது வந்துவிட்டது என்று உறுதியான பிறகு நீங்கள் டொமைனையும் தளத்தையும் ஒப்படைப்பீர்கள். அவர் பரிசோதித்து ஏற்றதும் பணம் உங்களுக்கு விடுவிக்கப்படும். 1999இல் தொடங்கிய எஸ்க்ரோ டாட் காம் இவ்வகையில் பழையது. ஃபிளிப்பா போன்ற விற்பனைச் சந்தைகளும் இதை உள்ளடக்கியே நடத்துகின்றன. கட்டணத்தை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மோசடி பெரும்பாலும் இரண்டு வேடங்களில் வருகிறது. ஒன்று, விலையில் பேரமே பேசாத வாங்குபவர், தாமே ஓர் எஸ்க்ரோ தளத்தின் இணைப்பை அனுப்புவார். பார்க்க அசல் போலவே இருக்கும், முகவரியில் ஓரெழுத்து மாறியிருக்கும். அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இரண்டாவது, நல்ல விலை சொல்லிவிட்டு, குறிப்பிட்ட ஓரிடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்பவர். அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் தொகைதான் அவருடைய வியாபாரம். கட்டிய பிறகு அவரைக் காண முடியாது. கடன் அட்டை வழியாக நேரடியாகச் செலுத்தப்படும் பணமும் பின்னர் திரும்பப் பெறப்படக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள். டொமைன் அப்படித் திரும்பாது.

டொமைனை மாற்றுவதில் காலக்கணக்கு முக்கியம். இருவரும் ஒரே டொமைன் பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால் அது ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குச் சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். இயன்றவரை இந்த வழியையே பின்பற்றுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால் டொமைனை நகரவிடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்தை அனுமதிக்கும் அங்கீகாரக் குறியீட்டை வாங்கித் தர வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றிய .காம் போன்ற டொமைன்கள் வழக்கமாக 60 நாட்களுக்கு இன்னொரு நிறுவனத்துக்கு நகராமல் பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் இந்தப் பூட்டு விழக்கூடும். எனவே வாங்குபவர் கிடைத்த உற்சாகத்தில் பதிவு விவரங்களைத் திருத்தத் தொடங்காதீர்கள். மாற்றும் வரை எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவன். விற்பவர் அனுப்பிய வருகை வரைபடங்களை நம்பலாமா?

படமாக அனுப்பியவற்றை நம்ப வேண்டாம். அனலிட்டிக்ஸிலும் (வருகையை அளக்கும் கூகுள் கருவி) சர்ச் கன்சோலிலும் (கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) பார்வையாளர் அளவிலான அனுமதியைக் கேளுங்கள்; நேர்மையான விற்பனையாளருக்கு அதில் இழப்பு ஒன்றும் இல்லை. கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ், சாதாரணக் கணக்குகளுக்கு 2023 ஜூலை 1 முதல் தரவு சேகரிப்பதை நிறுத்தி, பின்னர் முற்றிலும் மூடப்பட்டுவிட்டது. அதனால் அதில் பதிவான 2021இன் பொற்காலத்தைக் காட்டுபவரால் அதை நேரலையில் காட்ட முடியாது. பதிவிறக்கி வைத்த கோப்பை மட்டுமே காட்ட முடியும். அத்தகைய எண்களுக்கு விலை கொடுக்காதீர்கள்.

சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை என்ற பகுதியைத் திறந்து, தளத்தின் மீது தண்டனை ஏதும் இல்லை என்று பாருங்கள். தளங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் டொமைனின் பழைய முகங்களையும் பாருங்கள். இன்று புகைப்படக்கலை பேசும் முகவரி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் சூதாட்ட விளம்பரப் பக்கமாக இருந்திருக்கலாம். காலாவதியான டொமைனை வாங்கி, அதன் பழைய மதிப்பைக் கொண்டு தேடலில் ஏற முயல்வதை 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாக முறைகேடுகளின் பட்டியலில் சேர்த்தது. வாங்கிய முதல் மாதத்தில் பதிவுகளின் முகவரி அமைப்பை மாற்றாதீர்கள். நீங்கள் விலை கொடுத்தது அந்த முகவரிகளுக்குத்தான்.

வாசகர்களிடம் சொல்ல வேண்டுமா? விற்ற பிறகு அதே துறையில் புதிதாக எழுதலாமா?

முதல் கேள்விக்கு: சொல்லுங்கள், ஆனால் பணம் வந்த பிறகு சொல்லுங்கள். பேச்சு நடக்கும்போதே அறிவித்து, பிறகு விற்பனை முறிந்துபோய், மூன்றாம் வாரம் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பதிவை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவர்களுக்கே சங்கடமாக இருக்கும். விடைபெறும் பதிவில் புதியவரை அறிமுகப்படுத்தி, அவர் எழுதப்போவது எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிடுங்கள். பின்னால் அங்கே ஒரு கேமராவைத் தவறாகப் புகழ்ந்து ஒரு கட்டுரை வந்தால், அது உங்களுடையது அன்று என்பதற்கு அந்தத் தேதி ஒன்றே சான்று.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒப்பந்தத்தில் இருக்கும். பெரும்பாலான வாங்குபவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் போட்டித் தளம் தொடங்கக் கூடாது என்று கேட்பார்கள். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் "புகைப்படக்கலை பற்றி எங்கும் எழுதக் கூடாது" என்று அகலமாக எழுதப்பட்ட வரியில் கையெழுத்திடாதீர்கள். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை, சமூக ஊடகத்தில் ஒரு படக்குறிப்பு எல்லாம் அதில் அகப்பட்டுவிடும். அதே பொருளில், அதே மொழியில், விளம்பர வருமானம் ஈட்டும் தளம் என்று குறுக்கி எழுதச் சொல்லுங்கள். ஒப்படைத்த பின் முதல் 30 நாட்களுக்கு எத்தனை மணி நேரம் உதவுவீர்கள் என்பதையும் அதே தாளில் எண்ணாகக் குறிப்பிடுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், புதிய உரிமையாளர் ஓராண்டு கழித்தும் ஒரு பிளக்இன் வேலை செய்யவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு உங்களை அழைப்பார்.